வயதான குதிரையைக் கைமாற்றும் முன்

குதிரை வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அதன் பல்லைப் பார்க்கிறார்கள். கொடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்குபவருக்குத்தான் சொல்லி வைத்திருக்கிறோம். கொடுப்பவர் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. வயதான குதிரை விஷயத்தில் பாதிக் கதை அந்த வாய்க்குள் இருக்கிறது.

வயதான குதிரைக்கு முதல் முறையாக வேறு இடம் தேட வேண்டிய நிலைமை வந்திருக்கிறதா? வேலை போயிருக்கலாம், உடம்பு முடியாமல் போயிருக்கலாம், ஆசையாகச் சவாரி செய்த மகள் படிக்க வெளியூர் போயிருக்கலாம். கொடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கொடுத்த அன்றோடு பொறுப்பு முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் தப்பு. அந்தக் குதிரையின் கடைசி நாள் எங்கே, யார் கையில், எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் உங்களிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் அந்தப் பதிலைத் தேடுவதற்குத்தான்.

1. காரணத்தை முதலில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள்

ஒரு தாளில் ஒரே வரியில் எழுதுங்கள்: "இந்தக் குதிரையை நான் கொடுப்பதற்குக் காரணம்..." எழுதும்போது கை தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் கவனியுங்கள்.

பணமோ நேரமோ இல்லை என்றால், கொடுக்காமலே சமாளிக்க வழி உண்டா என்று முதலில் பாருங்கள். லாயத்தில் வைத்துப் பார்ப்பதை விட மேய்ச்சல் நிலத்தில் விடுவது செலவு குறைவு. இன்னொருவரோடு செலவையும் வேலையையும் பங்கு போடலாம். கனமான சவாரி முடியாத குதிரை, ஒரு குழந்தையைச் சுமந்து மெதுவாக நடக்கச் சந்தோஷமாகவே வரும்.

"இனி இதில் ஏற முடியாது, எனக்கு ஏறுவதற்கு வேறு குதிரை வேண்டும்" என்பதுதான் காரணமா? சரி, அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதன் நல்ல வருடங்களை நீங்கள் அனுபவித்திருக்கிறீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். குதிரைகள் சாதாரணமாக 25 முதல் 30 வருடம் வாழும், சில அதையும் தாண்டும். இருபது வயதில் ஓய்வு கொடுத்தால் இன்னும் பத்து வருடம் பாக்கி இருக்கலாம். வாங்கும்போதே கணக்கில் வந்திருக்க வேண்டிய வருடங்கள் அவை.

"அது சாவதைப் பார்க்க என்னால் முடியாது" என்பது காரணமாக இருந்தால், தயவுசெய்து இங்கேயே நின்று மூன்றாவது பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

2. மருத்துவரை வரவழையுங்கள், கூடவே நின்று பாருங்கள்

உங்கள் குதிரையின் உண்மையான நிலைமை தெரியாமல் அதற்கு இடம் தேட முடியாது. கால்நடை மருத்துவரை அழைத்து முழுப் பரிசோதனை செய்து, முடிவை எழுத்தில் வாங்குங்கள்.

பல்லிலிருந்து ஆரம்பியுங்கள். குதிரையின் கடைவாய்ப்பல் மேலே தேயத் தேய, ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் ஈறிலிருந்து வெளியே வந்துகொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து கிடைத்த சேமிப்பு அது. இருபதுகளின் நடுவில் பல குதிரைகளுக்குச் சேமிப்பு தீர்ந்துபோகிறது. பல் வழுவழுப்பாகிவிடும், ஆட்டம் காணும், விழும். அப்புறம் காய்ந்த புல்லை அரைக்க முடியாது. தீவனத் தொட்டியைச் சுற்றித் தரையைப் பாருங்கள்: பாதி மென்று துப்பிய புல், ஈரமாக, விரல் தடிமனில் சுருண்டு கிடக்கும். அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் நீள நீளமான தாள்கள் அப்படியே இருக்கும். இந்தச் சுருளைப் பார்த்தால், "நன்றாகத்தான் தின்கிறது" என்ற வார்த்தையை இனி சொல்லாதீர்கள். வாயில் போட்டுக்கொள்கிறது, வயிற்றுக்குப் போகவில்லை.

அடுத்து ரோமம். வெயில் காலம் வந்தும் உதிராமல் நீளமாக, சுருண்டு நிற்கும் ரோமம் குஷிங் என்ற சுரப்பி நோயின் அடையாளம். முதுகுத் தசை வற்றும், வயிறு தொங்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும். முக்கியமான ஆபத்து குளம்பில் வருகிறது. லேமினைடிஸ் என்கிற, குளம்புக்குள் வரும் அழற்சிக்கு இந்த நோய் வழி விடுகிறது, அந்த வலி மிகக் கொடியது. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். பெர்கோலைடு மாத்திரை தினமும், ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். வாங்குபவர் தலையில் விழப்போகும் செலவு இது. அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

மூட்டு வலியை எல்லோரும் நடையில் தேடுவார்கள். நான் தூக்கத்திலும் தேடச் சொல்வேன். குதிரை நின்றபடி கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். படுத்தால் எழ முடியாது என்று பயந்துபோன கிழக்குதிரை நாள்கணக்கில் படுக்காது. கடைசியில் நின்றபடியே தூங்கி, முன்கால் மடங்கி, விழப்போய் விழித்துக்கொள்ளும். முன்கால்களில் குளம்புக்குச் சற்று மேலே, கணுவின் முன்பக்கம் தோல் தேய்ந்து, ஆறி, மறுபடி தேய்ந்த தழும்பு இருக்கிறதா பாருங்கள். உடம்பில் மண்ணோ படுக்கை வைக்கோலோ ஒட்டியிருப்பதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசியுங்கள்.

உடலின் கொழுப்பளவுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் கொடுக்கும் முறை ஒன்று உண்டு. 1983-இல் ஹென்னெக்கே என்ற ஆய்வாளர் வகுத்தது. 1 எலும்பும் தோலும், 9 அளவு மீறிய கொழுப்பு, 5 நடுத்தரம். மருத்துவரிடம் இந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் மெலிவு" என்று நீங்கள் சொல்வதும் வாங்குபவர் புரிந்துகொள்வதும் ஒன்றாக இருக்காது. எண் என்றால் குழப்பம் இல்லை.

3. இடம் மாற்றுவது அதற்கு நல்லதுதானா?

பலரும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே தாண்டிப் போகிறார்கள்.

வயதான குதிரைக்கு இடம் மாறுவது சின்ன விஷயம் இல்லை. பழகிய கூட்டாளி போகும், பழகிய வேலி போகும், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம் என்பதே மறுபடி புதுசு. கண் மங்கிய குதிரைக்கு இது இன்னும் பயம். புதிய கூட்டத்தில் தீவனத்துக்கு நடக்கும் போட்டியில் கிழமும் நோஞ்சானும் கடைசிக்குத் தள்ளப்படும். அதைத் தாங்கும் உடம்பும் மனமும் அதற்கு இருக்கிறதா என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

தினமும் வலி, மருந்துக்கும் அடங்காத வலி, நிற்கவும் படுக்கவும் சிரமம், தீவனம் இறங்கவில்லை. நிலைமை இப்படி என்றால் அந்தக் குதிரைக்குப் புதிய வீடு தேடுவது அதன் நன்மைக்காக நடப்பதில்லை. நம்மால் எடுக்க முடியாத முடிவை முன்பின் தெரியாத ஒருவர் எடுக்கட்டும் என்று தள்ளிவிடுகிறோம், அவ்வளவுதான். அப்போது பழகிய இடத்தில், பழகிய குரல் பக்கத்தில் இருக்க, மருத்துவர் கையால் அமைதியாக விடைகொடுப்பதே அன்பான செயல் என்று நான் நம்புகிறேன். "இன்னும் ஒரு வருடம் இருந்திருக்குமே" என்ற கணக்கு நம்முடையது. குதிரைக்கு அடுத்த வருடம் தெரியாது. இன்று கால் வலிக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும்.

அந்த முடிவுக்கு வந்தால் நடைமுறை விஷயங்களை முன்னாலேயே பேசிவிடுங்கள். ஊசியா, துப்பாக்கியா, இரண்டில் எது உங்கள் சூழலுக்குச் சரி என்று மருத்துவர் விளக்குவார். ஊசியில் பென்டோபார்பிட்டால் பயன்படுத்தினால் உடலில் அந்த மருந்து தங்கிவிடும். அதைத் தின்னும் நாயும் கழுகும் செத்துப்போகும். எனவே உடலை எங்கே, எப்படி அடக்கம் செய்வது, அதற்கு என்ன விதி என்று முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். கூடவே வாழ்ந்த இன்னொரு குதிரை இருந்தால், உடலை எடுப்பதற்கு முன் அது வந்து முகர்ந்து பார்க்க நேரம் கொடுங்கள். நான் பார்த்த ஒரு பெண்குதிரை, இறந்துபோன தோழியின் பிடரியை மூக்கால் இரண்டு முறை தள்ளியது, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றது, அப்புறம் தானாகவே மேய்ச்சலுக்குத் திரும்பியது. அந்த நிமிடங்களை அதற்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் வேலியோரம் நின்று நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

4. எந்த மாதிரி இடம்?

குதிரை நன்றாக இருக்கிறது, மாற்றலாம் என்று முடிவானால், வழிகள் பல. ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

விற்பது எளிது. விற்ற பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. ஏலத்துக்கு அனுப்புவது அதைவிட மோசம், யார் வாங்குகிறார்கள் என்றே தெரியாது. "நல்ல வீட்டுக்கு இலவசம்" என்று விளம்பரம் போடுவது கேட்க இதமாக இருக்கும், ஆனால் இறைச்சிக்குக் குதிரை சேர்ப்பவர்களும் அந்த விளம்பரத்தைத்தான் தேடிப் படிக்கிறார்கள். 1986-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்ற ஃபெர்டினாண்ட் என்ற குதிரையை 1994-இல் இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே அதற்கு மவுசு குறைந்ததும் கைமாறி, கடைசியில் ஒரு குதிரை வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. 2002-இல் அது வெட்டப்பட்டது என்ற செய்தி அடுத்த ஆண்டு வெளியானபோது பந்தய உலகமே அதிர்ந்துபோனது. அவ்வளவு புகழ் பெற்ற குதிரைக்கே அந்தக் கதி. அதே டெர்பியை 1997-இல் வென்ற சில்வர் சார்மும் ஜப்பானுக்குப் போனதுதான். ஆனால் திரும்பி வருவதற்கு வழி செய்யும் ஏற்பாட்டோடு போனது. 2014-இல் கென்டக்கியில் ஓல்டு ஃப்ரெண்ட்ஸ் என்ற ஓய்வுப் பண்ணைக்கு வந்து சேர்ந்தது. திரும்பி வரும் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், அது காப்பாற்றியது.

எனவே நான் முதலில் சொல்வது, உரிமையை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு பராமரிப்பை மட்டும் ஒப்படைப்பது. இன்னொரு குதிரைக்குத் துணை தேடுபவர்கள் இதற்கு ஏற்றவர்கள். அவர்களுக்குச் சவாரி தேவையில்லை, சாதுவான ஒரு ஜீவன் போதும். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓய்வுக் குதிரைகளைப் பார்க்கும் பண்ணைகள் இரண்டாவது வழி. செலவு உண்டு, மனநிம்மதியும் உண்டு. காப்பகங்களைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் ஒவ்வோர் இடமும் கைவிடப்பட்டு, பட்டினி கிடந்த ஒரு குதிரைக்கு வேண்டியது. மாற்றுத்திறன் கொண்டவர்களுக்குச் சவாரிப் பயிற்சி தரும் மையங்களை ஓய்வு இல்லமாக நினைக்க வேண்டாம். அங்கே வேலை உண்டு, நொண்டாத, பதறாத குதிரை வேண்டும் அவர்களுக்கு.

5. ஆளையும் இடத்தையும் பாருங்கள்

நேரில் போகாமல் எந்த முடிவும் வேண்டாம். வேலி, நிழல், காற்றும் மழையும் படாத கூரை, சுத்தமான தண்ணீர், இதெல்லாம் கண்ணுக்கே தெரியும். அங்கே ஏற்கெனவே இருக்கும் கிழக்குதிரைகளைப் பாருங்கள். இளம் குதிரைகள் எந்த இடத்திலும் பளபளவென்று இருக்கும், கிழங்கள்தான் உண்மை பேசும். குளம்புகள் ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவப்பட்டவை போல இருக்கின்றனவா, அல்லது முன்பக்கம் நீண்டு வெடித்திருக்கின்றனவா? அவர்களுடைய கால்நடை மருத்துவரிடமும் லாடம் அடிப்பவரிடமும் பேச அனுமதி கேளுங்கள். நல்லவர்கள் தயங்க மாட்டார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: "இதற்கு முன் உங்களிடம் இருந்த வயதான குதிரைக்கு என்ன ஆனது?" பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் புரிந்துவிடும். எந்த மாதம், என்ன நோய், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று குரல் தழுதழுக்கச் சொல்பவரிடம் என் குதிரையைத் தைரியமாகக் கொடுப்பேன். "யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டோம்" என்பவரிடம் கொடுக்க மாட்டேன்.

பார்க்கவே வராமல் வண்டியோடு வருகிறேன் என்பவர், குதிரையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவர், இன்றே வேண்டும் என்று அவசரப்படுத்துபவர். இவர்களிடம் நயமாக மறுத்துவிடுங்கள்.

6. ஒன்றையும் மறைக்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன் காயடித்த கிழக்குதிரை ஒன்றைப் பார்த்துக்கொள்ள ஏற்றேன். கொடுத்தவர் சொன்னது, "கொஞ்சம் மெலிந்திருக்கிறது, புல் போட்டால் தேறிவிடும்." போட்டேன். மூன்றாம் நாள் காலை அது கழுத்தை முன்னால் நீட்டி, தலையைத் தாழ்த்தி நின்றது. இரண்டு மூக்குத் துளைகளிலிருந்தும் பச்சையாக எச்சிலும் தீவனமும் ஒழுகிக்கொண்டிருந்தன. கழுத்தின் இடப்பக்கம் ஒரு கட்டி போலப் புடைத்திருந்தது. உணவுக்குழாய் அடைப்பு. தண்ணீரையும் தீவனத்தையும் எடுத்துவிட்டு மருத்துவருக்காகக் காத்திருந்த அந்த ஒன்றரை மணி நேரம் இன்னும் நினைவில் இருக்கிறது. மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கழுவித்தான் எடுத்தார். வாயைப் பார்த்தால் அரைக்கும் பல் பாதி இல்லை. இரண்டு வருடமாகவே அது ஊறவைத்த தீவனத்தில்தான் இருந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள். ஆனால் சொல்லியும் எடுக்க வருபவர்தானே உங்களுக்கு வேண்டியவர்? நோய்கள், மருந்தின் பெயரும் அளவும், கடிக்கும் பழக்கம், எந்தக் காலைத் தூக்க விடாது, எதற்கு மிரளும், இதற்கு முன் வந்த வயிற்றுவலி, எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். பார்க்க வருகிறவர்கள் முன் நன்றாக நடக்கட்டும் என்று வலி மருந்து கொடுத்து வைப்பதும், சாதுவாகத் தெரியட்டும் என்று மயக்க மருந்து கொடுப்பதும் வெறும் ஏமாற்று. மருந்து தெளிந்ததும் அடி விழப்போவது குதிரைக்கு. தினமும் மருந்து எடுக்கும் குதிரை என்றால், மருந்தோடு இப்படி நடக்கும், இல்லாமல் இப்படி நடக்கும் என்று இரண்டையும் சொல்லுங்கள்.

7. எழுத்தில் போடுங்கள்

நண்பர் என்றாலும் எழுத்தில் போடுங்கள். உரிமை யாருடையது, மருத்துவச் செலவு யாருடையது, சவாரி எந்த அளவு வரை, பெண்குதிரை என்றால் குட்டி போட வைக்கக் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, முடியாவிட்டால் முதலில் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், நீங்கள் எப்போது வந்து பார்க்கலாம். இதில் பலரும் விட்டுவிடும் ஒன்று உண்டு: நடுராத்திரியில் குடல் முறுக்கி, உங்களைத் தொடர்புகொள்ள முடியாமல் போனால், கருணைக்கொலைக்குச் சம்மதம் தரும் அதிகாரம் யாருக்கு? அதை எழுதாமல் விட்டால் நீங்கள் போனை எடுக்கும் வரை குதிரை துடிக்கும்.

ஒப்பந்தத்தின் பலத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம். விற்றுவிட்ட குதிரையை அவர் மூன்றாம் ஆளுக்கு விற்றால், உங்கள் காகிதத்தை வைத்துக் குதிரையைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் நடக்காது. உரிமையை விட்டுக் கொடுக்காமல் இருங்கள் என்று முன்பே சொன்னது இதனால்தான்.

அடையாளப் பதிவும் முக்கியம். மைக்ரோசிப் பதிவில் உங்கள் தொடர்பு விவரம் சரியாக இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. அதில் இந்தக் குதிரை மனித உணவுக்கு அல்ல என்று கையெழுத்திட ஒரு பகுதி இருக்கிறது, போட்டுவிட்டால் மாற்ற முடியாது. ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து கொடுத்த குதிரை அங்கே சட்டப்படியே உணவுக்கு ஆகாது. அந்த நாடுகளில் இருப்பவர்கள் வண்டி வருவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

8. அனுப்பும் நாளும் அடுத்த வாரங்களும்

கடும் வெயிலிலும் கடுங்குளிரிலும் அனுப்பாதீர்கள். வண்டியில் தலையைத் தூக்கி இறுக்கிக் கட்டினால் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் இறங்க வழியில்லாமல் நுரையீரல் காய்ச்சல் வரும். தலையைத் தாழ்த்த இடம் விட்டுக் கட்டுங்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். முடிந்தால் அதன் கூட்டாளியும் கூடப் போகட்டும்.

இரண்டு வாரத்துக்கான பழைய தீவனத்தைக் கூடவே அனுப்புங்கள். 7 முதல் 14 நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதியதைக் கலக்க வேண்டும். திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். புதிய இடத்தில் முதல் இரண்டு, மூன்று வாரம் மற்றக் குதிரைகளை மூக்கோடு மூக்கு தொட விடக் கூடாது, தொற்று நோய்க்காக. ஆனால் அவை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும், தனிமை குதிரைக்கு ஆகாது. கண் தெரியாத குதிரையை முதல் நாள் வேலியோரமாகவே கையில் பிடித்து நடத்தி, தண்ணீர்த் தொட்டியை இரண்டு மூன்று முறை காட்டுங்கள்.

முதல் மாதத்தைச் சோதனைக் காலம் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால் வைக்க இடமும் கொஞ்சம் பணமும் உங்களிடம் தயாராக இருக்கட்டும். முதல் வாரம் போனில் பேசுங்கள், முதல் மாதம் போய்ப் பாருங்கள், அப்புறம் பசும்புல் வற்றும் பருவத்தில் கட்டாயம் போங்கள். வீட்டில் தங்கிவிட்ட கூட்டாளிக் குதிரையையும் அந்த நாள்களில் கவனியுங்கள், அதுவும் தீவனத்தை விட்டு நிற்கும்.

போய்ப் பார்க்கும்போது தூரத்தில் நின்று "நன்றாக இருக்கிறது" என்று திரும்பி வராதீர்கள். குளிர்கால ரோமம் எவ்வளவு மெலிவையும் மூடிவிடும். பக்கத்தில் போய், அது உங்களை முகர்ந்து முடிக்கும்வரை நில்லுங்கள். பிறகு உள்ளங்கையை ரோமத்துக்குள் விட்டு விலா மேல் அழுத்தி, முன்னிருந்து பின்னாக நகர்த்துங்கள். விலா கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவே பள்ளம் விழக் கூடாது. அப்படியே முதுகெலும்பின் இருபுறமும், பின் இடுப்பு வரை. முடிந்ததும் தொட்டியடியில் குனிந்து, மென்று துப்பிய சுருள் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.